பதினோராம் பத்தி

நேரில் பேச வராதவர்கள்தான் அதிகமாக எழுதுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மற்றவர்களைப் பற்றித் தெரியாது. என் விஷயத்தில் அது உறுதி. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே நான் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டும். முடி வெட்டும் கடையில் ‘போதும்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, மொட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் தப்பி வந்த நாட்களும் உண்டு. (வீட்டில் ‘எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?’ என்று கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லவில்லை.)

படிப்பு பத்தாம் வகுப்பு. ஊர், திருநள்ளாற்றுக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்கு நடுவே ஒரு கிராமம். வேலை, கொம்யூன் பஞ்சாயத்தில் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தொட்டி நிரம்ப ஐம்பது நிமிடம் ஆகும். அந்த ஐம்பது நிமிடமும் மோட்டார் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் நானும்தான். அங்கே உட்கார்ந்துதான் நான் எழுத்தாளன் ஆனேன். என் கட்டுரை எதுவும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் எழுதப்பட்டதில்லை. ஏதாவது ஒன்று நீளமாக இருந்தால் அன்றைக்கு வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம்.

வலைப்பூவைத் திறந்து கொடுத்தவர் காரைக்காலில் இன்டர்நெட் மையம் வைத்திருந்தவர். ‘என்ன பேர் வைக்கிறது?’ என்று அவசரப்படுத்தினார். சொந்தப் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தது. வருகிற வழியில் பார்த்த ஒன்று நினைவுக்கு வர, ‘வாய்க்கால் கொக்கு’ என்றேன். என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்குப் படம் வைத்தார். ஒற்றைக்காலில் நிற்கும். பத்து வருடம் என் முகம் அதுதான்.

அந்தப் பத்து வருடத்தில் எல்லோரும் இடம் மாறினார்கள். நான் மாறவில்லை. முகநூலில் எழுதிப் பார்த்தேன். அது ஓடுகிற தண்ணீரில் எழுதுவது மாதிரி இருந்தது. தொட்டி நிரம்புவதற்குள் என் கட்டுரை யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக்குக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் வலைப்பூ நண்பர்கள் வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். நிமிடத்துக்கு ஒரு மணிச்சத்தம். மோட்டாரின் எச்சரிக்கை மணி என்று நினைத்து நான் எழுந்து ஓடினேன். இரண்டாம் நாள் குழுவிலிருந்து வெளியேறினேன். காணொளிக்கு வரச் சொன்னார்கள். கேமராவைப் பார்த்து ‘வணக்கம் நண்பர்களே’ என்று சொல்லத் தெரிந்தவன் முடி வெட்டும் கடையில் ‘போதும்’ என்று சொல்லியிருக்க மாட்டானா?

வலைப்பூ அப்படி இல்லை. தேடி வர வேண்டும். திறக்க வேண்டும். அடி வரைக்கும் இறங்கிப் போய்ப் பின்னூட்டம் எழுத வேண்டும். அங்கே வருகிறவர் நமக்காகவே வருகிறார், படித்துவிட்டுத்தான் போகிறார் என்று நம்பினேன். (‘நம்பினேன்’ என்பதைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.)

எனக்கு ஒன்பது நண்பர்கள் இருந்தார்கள். திருச்சிப் பக்கத்து ‘மலைக்கோட்டை மன்னன்’தான் தலைவர் மாதிரி. ‘ஊசிவெடி’, ‘தனிக்கட்டை’, கோவில்பட்டியிலிருந்து ‘கடலைமிட்டாய்’ என்ற பெயரில் எழுதும் ஓய்வு பெற்ற தபால்காரம்மா, இன்னும் ஐந்து பேர். யாருடைய நிஜப் பெயரும் எனக்குத் தெரியாது. ஒன்பது பேரும் ஒன்பது இடத்தில் எழுதினார்கள். ஒன்பது இடத்துக்கும் நான் தினமும் போனேன். எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். என் போனில் ‘அ’ என்று தட்டினால் ‘அருமை’ என்று வரும். அதைத் தொட்டால் ‘தொடருங்கள்’ என்று அதுவே அடுத்த சொல்லை நீட்டும். இரண்டு தட்டில் ஒரு நட்பு. தொட்டி கால்வாசி நிரம்புவதற்குள் ஒன்பது பேரையும் கவனித்துவிடுவேன். மிச்ச நேரம் என் சொந்தக் கட்டுரைக்கு.

இவர்கள் யாராவது ஒருவர் என் வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்பது எனக்கு நீண்ட நாள் ஆசை. காரணம் உண்டு. மகள் கல்யாணத்தில் ‘பெண்ணின் அப்பாவுடைய நண்பர்கள்’ என்று முதல் வரிசையில் ஆறு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். கொம்யூனில் தண்ணீர் வரி வாங்குகிறவர் மட்டும் வந்தார். மீதி ஐந்து நாற்காலியில் சம்பந்தி வீட்டார் பைகளை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பைகளை என் மனைவி மல்லிகாவும் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான் போனைப் பார்த்துச் சிரிக்கும்போது கேட்பாள்:

“அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் மனுஷங்கதானா? இல்ல எல்லாமே கொக்கா?”

ஆகவே, ஒரு சனிக்கிழமை எல்லோரும் வேன் பிடித்துத் திருநள்ளாறு தரிசனத்துக்கு வருகிறோம் என்று மன்னன் தகவல் அனுப்பியபோது, நான் மோட்டார் அறைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி வந்தேன். மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று எழுதினேன். சம்மதித்தார். மல்லிகாவுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

“மொதல்ல நம்ம வீடு. சாப்ட்டு, படுத்து எந்திரிச்சு, சாயங்காலம் குளிச்சிட்டு சாமி பாக்கட்டும். அப்படியே நேரா ஊருக்குப் போயிடட்டும். சனி பகவானப் பாத்துட்டு யாரும் நம்ம வாசப்படி ஏறக் கூடாது. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. இத வெளங்கச் சொல்லிடுங்க.”

மகள் அப்போது ஏழாம் மாதம், எங்களோடு இருந்தாள். இந்த வழக்கம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருநள்ளாறு போனால் திரும்பி நேராகத் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இன்னொருவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. நாங்கள் தினமும் கோயில் வாசலில்தான் காய்கறி வாங்குகிறோம், எங்களுக்கு அது பொருந்தாது. வெளியூர்க்காரர்களுக்குப் பொருந்தும். இதை வகுத்தது யார் என்று கேட்காதீர்கள். மல்லிகா ஒத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

மன்னனிடம் ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஆனால் எனக்குத்தான் பேச வராதே! ‘குழுவில் போடுங்கள் கொக்கு சார்’ என்று அவரே கேட்டார். குழுவிலிருந்து வெளியேறியது என் கொள்கை ஆயிற்றே! வலைப்பூவில் ‘எங்கள் வீட்டுக்கு வரும் வழி’ என்று ஒரு பதிவு எழுதி, இணைப்பை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். அன்றைக்கென்று வோல்டேஜ் குறைவு. முதல் பத்தி அரசலாறு. இரண்டாம் பத்தி அதிலிருந்து பிரியும் வாய்க்கால். மூன்றிலும் நான்கிலும் கொக்கு. அப்புறம் சம்பா நடவு, எங்கள் தெருவின் வேப்பமரம், வேப்பமரத்தில் ஒரு மைனா. பதினோராம் பத்தியில், ‘முக்கியமான ஒன்று’ என்று ஆரம்பித்து, முதலில் வீடு, பிறகுதான் கோயில் என்பதைக் காரணத்தோடு எழுதினேன். பன்னிரண்டாம் பத்தியில் மைனா திரும்ப வந்தது.

மறுநாளே எட்டுப் பின்னூட்டம். ‘அருமை!’ ‘கண்முன்னே காட்சி விரிகிறது.’ ‘படங்கள் அழகு.’ (படமே போடவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) கடலைமிட்டாய் அம்மா மட்டும் ‘சரிங்க சார், அப்படியே செய்கிறேன்’ என்று எழுதியிருந்தார். அது எனக்குச் சப்பென்று இருந்தது. பாராட்டே இல்லையே!

மல்லிகாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப படிச்சிட்டாங்களா?”

“ஒம்பது பேரும்” என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கம்பீரமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பருப்புருண்டைக் குழம்பும் வாழைக்காய்ப் பொடிமாஸும் தயார். கூடத்தில் ஒன்பது இலை போட்டாகிவிட்டது. வேனைக் காணோம். மன்னனுக்குப் போன் அடித்தேன். எடுத்தது வேன் டிரைவர்.

“எல்லாரும் காலைல எட்டு மணிக்கே வந்துட்டாங்க சார். கொளத்துல குளிச்சிட்டு வரிசைல போயிருக்காங்க. போனெல்லாம் வண்டிலதான் கெடக்கு.”

மல்லிகா அடுப்படியிலிருந்து, “என்ன, வந்துட்டாங்களா?” என்றாள். “தோ” என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன். வரிசையில்தானே நிற்கிறார்கள், உள்ளே போவதற்குள் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை திருநள்ளாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலையில் நல்லெண்ணெயும் உடம்பில் ஈரத்துணியுமாக ஊரே நிற்கும். அதில் ஒன்பது பேரைத் தேட வேண்டும். மன்னனின் முகப்புப் படத்தில் மலைக்கோட்டைதான் இருக்கிறது. தனிக்கட்டையின் படம் ஒரு பனைமரம். வரிசை ஓரமாக நடந்துகொண்டே, “கடலைமிட்டாய்... கடலைமிட்டாய்...” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். எள்தீபம் விற்கும் ஓர் அம்மா என்னை நிறுத்தினார்.

“இந்த எடத்துல விக்கக் கூடாதுய்யா. அந்தாண்ட போ. தட்டு எங்க, ஒண்ணையும் காணும்?”

வேறு வழி தெரியாமல் ஒலிபெருக்கி வைத்திருக்கும் தகவல் மையத்துக்குப் போனேன். உள்ளே இருந்தவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“காணாமப் போனது யாருங்க? கொழந்தையா, பெரியவங்களா?”

“ஒம்பது பேர்.”

“ஒம்பதா! எல்லாரும் சொந்தமா?”

“நண்பர்கள்.”

“பேர் சொல்லுங்க.”

சொன்னேன். முதல் பெயரை எழுதினார். இரண்டாவதில் நிமிர்ந்து பார்த்தார். நான்காவதில் பேனாவை மூடினார்.

“மிட்டாய்க்கெல்லாம் இங்க வெளம்பரம் பண்ண மாட்டோங்க.”

“மிட்டாய் இல்லிங்க, அந்தம்மா பேரே அதான். கம்ப்யூட்டர்ல.”

“நெசப் பேர் என்ன?”

“தெரியாது.”

“எத்தன வருசப் பழக்கம்?”

“பத்து.”

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். “ஒங்க பேராவது தெரியுமா?” என்றார். என் பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் தெரியாதே என்று யோசித்து, “வாய்க்கால் கொக்கு” என்றேன். இப்படித்தான் நான் கெட்டேன்.

“பக்தர்கள் கவனத்திற்கு. மலைக்கோட்டை மன்னன், ஊசிவெடி, தனிக்கட்டை, கடலைமிட்டாய் மற்றும் ஐவர் எங்கிருந்தாலும் உடனடியாகத் தகவல் மையத்திற்கு வரவும். உங்களுக்காக வாய்க்கால் கொக்கு காத்துக்கொண்டிருக்கிறது.”

மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் ‘இருக்கிறது’ என்றார். அன்று காற்று எங்கள் ஊர்ப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

வந்தார்கள். எட்டுப் பேர், நெற்றி நிறைய விபூதியுடன், பிரகாசமாக. தரிசனம் நல்லபடியாக முடிந்ததாம். மன்னன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நீங்கதானா கொக்கு? நான் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“பதிவுல எழுதியிருந்தேனே சார்” என்றேன். “மொதல்ல வீடு, அப்புறந்தான் கோயில்னு. பதினோராம் பத்தியில.”

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மோட்டார் அறையில் பத்து வருடமாகக் கட்டிய மாளிகை அந்தப் பார்வையில் சத்தமே இல்லாமல் இறங்கியது. ஊசிவெடி சமாளித்தார்.

“பதிவு பிரமாதம் சார். அந்தப் பத்தி மட்டும் என் போன்ல தெரியல போலருக்கு.”

பிறகு நின்ற இடத்திலேயே ஒரு விவாதம் நடந்தது. கொக்கு சாரே இந்த ஊர்க்காரர், அவர் வீட்டுக்குப் போனால் தோஷமில்லை என்றார் ஊசிவெடி. எதற்கு வம்பு, வழியில் ஹோட்டலில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தனிக்கட்டை. நான் மல்லிகாவுக்குப் போன் செய்தேன்.

“உள்ள போய்ட்டு வந்துட்டாங்களா?”

“ம்.”

“படிச்சிட்டாங்கன்னீங்களே?”

“அருமைன்னு போட்டிருந்தாங்க.”

“அப்ப வேணாம்” என்று வைத்துவிட்டாள்.

அப்போதுதான் குளத்துப் படிக்கட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பெரிய பை. அதை எட்டுப் பேருக்கும் முன்னால் கவிழ்த்தார். எல்லாம் செருப்பு.

“நான் உள்ள போகலை சார். நீங்க எழுதியிருந்தீங்கள்லா. வேன்லயே சொன்னேன், ஒருத்தரும் கேக்கலை. செருப்புக்குக் காவலா இருக்கேன்னு ஒக்காந்துட்டேன். வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

கடலைமிட்டாய். அவ்வளவு தூரம் வந்து, எனக்காகச் சாமி பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர். மற்றவர்கள் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்து கூட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். போவதற்கு முன்னால் வேனிலிருந்து ஒரு போனை எடுத்துவந்து, என்னை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். ‘திருநள்ளாறு நண்பருடன்’ என்று அது பிறகு வெளிவந்தது. எனக்கு முன்னால் நின்ற மன்னனின் தோளுக்கு மேல் என் வலது காது தெரிகிறது.

அந்த அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, நான் மொபெட்டில் பின்னால் வந்தேன். வழியெல்லாம் எனக்கு உற்சாகம். ஒருவராவது! ஒரே ஒரு நிஜ வாசகி! மல்லிகாவிடம் காட்டப் போகிறேன்!

ஒன்பது இலையில் முதல் இலையில் அவர் உட்கார்ந்தார். மீதி எட்டும் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. மகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டம்ளரை வைத்தாள். இரண்டு உருண்டை சாப்பிட்ட பிறகு அந்த அம்மா மல்லிகாவைப் பார்த்துச் சொன்னார்:

“ஒங்க வீட்டுக்காரருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்மா. மூணு வருசம் முன்னாடி, யாருமே படிக்கிறதில்ல, நிறுத்திக்கிடுதேன்னு கடைசிப் பதிவு போட்டேன். மத்தவங்கள்லாம் கைகூப்புற பொம்மை போட்டாங்க. சார் ஒருத்தர்தான் ‘அருமை, தொடருங்கள்’னு எழுதுனாரு. ஒரு ஆளாவது படிக்காரேன்னு அன்னைக்கு நெனச்சேன். இன்னும் எழுதிக்கிட்டுதான் இருக்கேன்.”

எனக்குக் கையிலிருந்த மோர் செம்பு கனத்தது.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனப்பு சார்” என்று என் பக்கம் திரும்பினார். “நான் எழுதுனதுல ஒங்களுக்கு எது பிடிச்சது?”

யோசித்தேன். அவர் எதைப் பற்றி எழுதுகிறார்? சமையலா? பேரப்பிள்ளைகளா? தபால் ஆபீஸா? மிட்டாயா? ஒன்றுமே ஞாபகத்தில் இல்லை. ஞாபகத்தில் இருப்பதற்கு எதுவும் உள்ளே போயிருக்கவில்லை. மல்லிகா கரண்டியோடு நின்றாள். மகள் நின்றாள். எட்டு டம்ளரும் என்னைப் பார்த்தன.

“எல்லாமே அருமைங்க” என்றேன்.

அவர் கையில் எடுத்த ஒரு வாய் சோற்றைத் திரும்ப இலையிலேயே வைத்தார். முப்பது வருடம் தபால் பிரித்தவர். பிரிக்காத கவரைப் பார்த்தால் தெரியாமலா போகும்? பிறகு, “ரசம் ஊத்தும்மா” என்றார்.

கிளம்பும்போது மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சமையல் நன்றாக இருந்தது என்று ஒவ்வொரு பதார்த்தமாகப் பெயர் சொல்லிச் சொன்னார். மகளுக்குப் பூ வைத்துவிட்டார். என்னிடம் வாசலில் நின்று சொன்னது ஒன்றுதான்.

“ஒங்க பதிவு எல்லாத்தையும் நான் படிச்சிருக்கேன் சார். வோல்டேஜ் கொறைஞ்ச அன்னைக்கு எழுதுறது மட்டும் கொஞ்சம் நீளம்.”

எட்டு இலைச் சாப்பாட்டை மல்லிகா தெருவுக்குக் கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. “மைக்ல சொன்னாங்களே, யாரு அந்தக் கொக்கு?” மூன்றாவது வீட்டில் மல்லிகா உண்மையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தண்ணீர் வரத் தாமதமானால் தெருவில் கேட்கிற குரல், “கொக்கு மோட்டார் போடலியா?” என்பதுதான்.

அடுத்த ஒன்றரை மாதம் நான் என் கட்டுரை எதையும் எழுதவில்லை. கடலைமிட்டாயின் பதிவுகளை முதலிலிருந்து படித்தேன். தபால் பைகளைப் பற்றி, விலாசம் தப்பிய கடிதங்களைப் பற்றி, பென்ஷன் வாங்க வரும் கிழவர்களைப் பற்றி. எல்லாமே நன்றாக இருந்தன என்று சொன்னால் பழைய புத்தி போகவில்லை என்பீர்கள். பாதி சுமார். மீதியில் நாலைந்து, நான் பத்து வருடத்தில் எழுதிய எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். படித்து முடித்த அன்று ஒரு பின்னூட்டம் எழுத ஆரம்பித்தேன். எந்தப் பதிவில் எந்த வரி என்று குறிப்பிட்டு, நீளமாக. தொட்டி நிரம்பியது தெரியவில்லை. தண்ணீர் வழிந்து வேப்பமரத்தடி வரைக்கும் ஓடியது. என் வேலையில் முதல் தடவை மெமோ வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘அருமை. தொடருங்கள்.’

மகளுக்குப் பிறந்த பையனுக்கு இப்போது மூன்று வயது. எங்கள் வீட்டில் யாராவது விஷயத்துக்கு வராமல் சுற்றி வளைத்தால், “பதினோராம் பத்திக்கு வா” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளை சொல்கிறார். சம்பந்தி வீட்டில்கூடச் சொல்கிறார்களாம். கதை சொல்லும்போது கொக்கைப் பற்றி நான் இழுத்தால், பேரனும் “தாத்தா, பதினோராம் பத்தி” என்கிறான். அவனுக்கு இன்னும் பதினொன்று வரை எண்ணத் தெரியாது.

இந்தக் கட்டுரையையும் மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், “அந்தம்மாவுக்கு அவ்ளோ நீளமா எழுதினீங்களே, ‘இத்தன நாளா நான் படிக்கல, மன்னிச்சிடுங்க’ன்னு எந்தப் பத்தியில எழுதினீங்க?” என்று கேட்டாள்.

மோட்டார் போடுகிற நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது.